பரண்மேல் கிடந்த வானொலி

ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சான்றோரின் வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போதெல்லாம் எம் நெஞ்சில் ஒரு வியப்பு எழுவதுண்டு. சிதைந்த சுவடியைக் கையில் எடுத்த அப்பெருமக்கள், அதில் எது புலவன் பாடியது, எது பெயர்த்தெழுதினோன் பிழை, எது பிற்காலத்தார் இடைச்செருகல் என்பதை எவ்வாறு பிரித்தறிந்தனர்? உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் முன்னும், சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முன்னும் இருந்த இடர் இதுவேயாகும். இதனை யாம் நூல்வழிக் கற்றோம். மாணவர்க்குக் கற்பித்தும் வருகின்றோம். ஆயினும் அவ்வுழைப்பின் உட்பொருளை எமக்கு உணர்த்தியது ஏடு அன்று. எம் இல்லத்துப் பரணில் 47 ஆண்டுகள் கிடந்த ஒரு வானொலிப் பெட்டியே ஆகும்.

தமிழ் விரிவுரையாளர் ஒருவர் வானொலி பழுதுபார்த்த கதையைத் துறை மலரில் எழுதுவதா என நகைப்போரும் இருக்கலாம். இறுதிவரை படித்தபின் நகைக்குமாறு அவர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.

புயல் இறக்கிய பெட்டி

எம் ஊர் தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது எம் பழைய ஓட்டு வீட்டின் ஓடுகள் சில பெயர்ந்தன. பரணில் மழைநீர் ஒழுகவே, அங்கிருந்த பொருள்களையெல்லாம் இறக்க வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, உடைந்த தொட்டில், கறையான் தின்ற கணக்கேடுகள் ஆகியவற்றுக்குப் பின்னால், பச்சைத் துணி போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. துணியை விலக்கினோம். தேக்கு நிறத்து மரப்பெட்டி. முன்புறம் பொன்னிழை கலந்த துணி. அதன்கீழே ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடிப் பலகை. இருபுறமும் தந்த நிறத்துத் திருகுகள். எம் பாட்டனார் வாங்கிய வால்வு ரேடியோ அது.

அதனுடன் துணிப்பையில் வானொலி உரிமப் புத்தகமும் கிடைத்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அப்புத்தகத்தில் முதல் முத்திரை 1964ஆம் ஆண்டிற்குரியது. இறுதி முத்திரை 1971ஆம் ஆண்டிற்குரியது. பாட்டனாரோ 1983வரை வாழ்ந்தவர். ஏன் 1971உடன் முத்திரை நின்றது என எண்ணியவாறே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது உள்ளே வந்த எம் தந்தையார் பெட்டியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்பு, "அதைப் பழைய சாமான்காரன்ட்ட போட்டுடு தம்பி, வீட்டுல வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே சென்றார். அத்தா கடிந்து பேசும் இயல்பினர் அல்லர். அன்று அவர் குரலில் சினமும் இல்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது.

அன்றிரவு எம் அன்னையார் சொல்லித்தான் யாம் காரணத்தை அறிந்தோம்.

1971 டிசம்பர்

இந்திய பாகிஸ்தான் போர் நிகழ்ந்த நாள்கள் அவை. எம் தெருவில் மின்சாரமும் வானொலியும் உடைய வீடுகள் மிகச் சில. மாலைச் செய்தி கேட்பதற்காகப் பெரியவர்கள் எம் இல்லத்துத் திண்ணையில் கூடுவது வழக்கம். பெட்டியை இயக்கும் பொறுப்பு 15 வயதுச் சிறுவராயிருந்த அத்தாவினுடையது. ஒரு நாள் மாலை கூட்டம் மிகுதி. தெருவில் நின்றோர்க்குக் கேட்கவில்லை. "இன்னும் கூட்டு தம்பி, இன்னும் கூட்டு" என்று பலரும் சொல்ல, சிறுவர் ஒலித் திருகை இறுதிவரை திருப்பினார். சில நிமிடங்களில் குரல் கரகரத்தது, தீய்ந்த நாற்றம் எழுந்தது, பெட்டியின் பின்புறத்திலிருந்து புகை வந்தது, ஒலி அடங்கிற்று.

திண்ணையிலிருந்த அத்தனை பேரும் சிறுவரைத் திரும்பிப் பார்த்தனர். பிள்ளை கையில் கொடுத்தது தவறு என்று ஒருவர் சொன்னார். நன்னா என்று யாம் அழைக்கும் எம் பாட்டனார் எழுந்து வந்து மின்னிணைப்பைப் பிடுங்கினார். பெட்டிமேல் துணியைப் போர்த்தினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் பெட்டி பரணுக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஒரு சிறு டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டிற்கு வந்தது. அதனை அத்தா ஒருபோதும் தொட்டதில்லையாம்.

இதனைக் கேட்டபோதுதான் எமக்கு ஒன்று நினைவிற்கு வந்தது. எம் இளமைக் காலத்தில் வீட்டில் வானொலி பாடும், அத்தா கேட்பார், ஆனால் நிலையம் மாற்றவோ ஒலியைக் கூட்டவோ எம்மையே அழைப்பார். "தம்பி, கொஞ்சம் குறைச்சு வை" என்பார். கைக்கெட்டும் தொலைவில் பெட்டி இருக்கும்போதும் அழைப்பார். அதனைத் தந்தையின் அதிகாரம் என்றே யாம் எண்ணியிருந்தோம்.

பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட எமக்கு மனம் வரவில்லை. அத்தாவிடம் இசைவு பெற்று, மாடி அறைக்கு அதனை எடுத்துச் சென்றோம்.

வால்வின் இலக்கணம்

எமக்கு மின்னணுவியல் தெரியாது. கும்பகோணத்தில், ஐம்பது ஆண்டுகள் வானொலி பழுதுபார்த்து ஓய்ந்திருந்த முதியவர் ஒருவரை நண்பர் வழியாக அறிந்து, அவரை நாடினோம். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லத்தில் எமக்குப் பாடம் நடந்தது. பல்லாண்டுகள் ஆசிரியராக நின்ற யாம் மீண்டும் மாணவராக அமர்ந்தோம்.

அவர் முதலில் சொன்னது அச்சமூட்டும் செய்தி. வால்வு ரேடியோவின் உள்ளே 250 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் ஓடும். இணைப்பைப் பிடுங்கிய பின்பும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். அறியாது தொட்டால் உயிருக்கே ஊறு நேரும். ஆதலின் மாணவர் எவரும் துணையின்றி இத்தகைய பெட்டியைத் திறத்தல் வேண்டா என இங்கேயே வற்புறுத்துகின்றோம்.

அடுத்து வால்வுகளைக் காட்டினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழினுள் ஒரு சூடேற்றி; அதனைச் சூழ்ந்து மின்னணுக்களை உமிழும் குழல்; அவற்றைக் கவரும் தகடு; இரண்டிற்கும் நடுவே கம்பி வலை. வலையில் ஏற்படும் சிறு மாற்றம் தகட்டில் பெருமாற்றமாகும். 1904இல் பிளெமிங் என்பார் இருமுனை வால்வை அமைத்தார். 1906இல் லீ டி பாரஸ்ட் அதனுள் வலையைச் சேர்த்தார். 1947இல் டிரான்சிஸ்டர் தோன்றி மெல்ல மெல்ல இடத்தைப் பிடிக்கும்வரை உலகின் குரலெல்லாம் இக்கண்ணாடிக் குமிழ்கள் வழியாகவே சென்றது.

எம் பெட்டியில் ஐந்து வால்வுகள்: இ.சி.எச்.81, இ.எப்.89, இ.பி.சி.81, இ.எல்.84, இ.இசட்.80. எம் கண்ணுக்கு இவை வெற்றுக் குறிகளாகவே தோன்றின. பெரியவர் பிரித்துக் காட்டினார். 'இ' என்பது 6.3 வோல்ட் சூடேற்றியைக் குறிக்கும். 'சி' மூன்று முனை. 'எப்' ஐந்து முனை. 'பி' இரட்டை இருமுனை. 'எல்' ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றலுடைய வால்வு. 'இசட்' மாறுமின்சாரத்தை ஒருதிசைப்படுத்துவது. இறுதி எண்ணோ அடித்தளத்தின் வகையையும் வரிசையையும் சுட்டும். எமக்கு உவகை தாளவில்லை. பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுபதத்தைப் பிரித்துப் பொருள் காணும் முறையன்றோ இது! "ஐயா, இது நன்னூல் படிப்பதுபோல் இருக்கிறது" என்றோம். "அது என்னமோ சார், எங்களுக்கு இதுதான் அரிச்சுவடி" என்று சிரித்தார்.

ஐந்தின் பணியும் அவர் சொல்ல விளங்கிற்று. முதல் வால்வு, வானிலிருந்து வரும் அலையோடு பெட்டி தானே உண்டாக்கும் அலையைக் கலந்து, எந்த நிலையமாயினும் 455 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒரே அலையாக மாற்றும். ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் 1918இல் வகுத்த முறை இது. இரண்டாவது அதனைப் பெருக்கும். மூன்றாவது அலையினின்று ஒலியைப் பிரித்தெடுத்துச் சற்றே வலுவூட்டும். நான்காவது ஒலிபெருக்கியை இயக்கும். ஐந்தாவது இவையனைத்திற்கும் மின்னூட்டம் தரும்.

பிழை எது?

அடித்தகட்டைத் திருப்பியபோது எம் கண்ணில் முதலில் பட்டது கருகிப்போன ஒரு மின்தடை. அதற்கருகே, ஒலிபெருக்கிக்குரிய டிரான்ஸ்பார்மரின் உட்சுற்று அறுபட்டிருந்தது. "அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டியதால் இவை எரிந்தன போலும்" என்றோம். பெரியவர் மறுத்துத் தலையசைத்தார்.

"எரிஞ்சதைப் பார்க்காதீங்க சார். எரிச்சது எதுன்னு பாருங்க."

இச்சொல்லை யாம் எம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். சுவடியில் சொல் சிதைந்த இடம் ஒன்று. சிதைவிற்குக் காரணமான இடம் வேறொன்று. பெயர்த்தெழுதினோன் மேல்வரியில் விட்ட ஓரெழுத்து, கீழ்வரியின் யாப்பைக் கெடுத்துவிடும். கீழ்வரியைத் திருத்தப் புகுவோன் நூலையே கெடுப்பான்.

எம் பெட்டியின் மின்சுற்று வரைபடத்தை எங்கிருந்தோ தேடிக் கொணர்ந்தார் அவர். அதுவே எமக்கு மூலபாடமாயிற்று. வரைபடத்தோடு ஒவ்வோர் இணைப்பையும் ஒப்பிட்டோம். ஓரிடத்தில் வேறு கைவண்ணம் தெரிந்தது. பற்றவைத்த ஈயம் தடித்திருந்தது. மின்தடையின் அளவும் வேறாயிருந்தது. 1971க்கு முன்பே எவரோ பழுதுபார்த்த அடையாளம்; இடைச்செருகல் என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம். ஆயினும் அதனால் தீங்கொன்றும் நேரவில்லை எனச் சோதித்தறிந்த பின்பே மேற்சென்றோம். மெய்ப்பிக்கப்படாத எதனையும் குற்றமெனக் கொள்ளக்கூடாது என்பது பெரியவரின் ஒழுக்கம்.

நான்காவது ஞாயிறன்று பிழை அகப்பட்டது. மூன்றாம் வால்வின் தகட்டையும் நான்காம் வால்வின் வலையையும் இணைப்பது, விரல்நுனி அளவே உள்ள ஒரு கண்டன்சர். காகிதமும் உலோகத்தாளும் சுருட்டி மெழுகில் தோய்த்தது. ஒலியை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. பெரியவர் அதனைக் கழற்றி, மின்னழுத்தம் கொடுத்து, அளவுமானியோடு தொடுத்தார். நல்ல கண்டன்சராயின் முள் ஒரு கணம் துள்ளி எழுந்து மீண்டும் சுழியத்தில் படியும். இதில் முள் எழுந்தது. எழுந்த முள் படியவில்லை.

"பார்த்தீங்களா சார், கசியுது" என்றார்.

காகிதக் கண்டன்சர் ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அக்கசிவால் நான்காம் வால்வின் வலை தன் எதிர்மின்னழுத்தத்தை இழக்கும். கடிவாளம் இழந்த குதிரைபோல வால்வு மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். மின்தடை கருகும், டிரான்ஸ்பார்மர் சுற்று அறும்.

யாம் தயங்கியவாறே எம் உள்ளத்து வினாவைக் கேட்டோம்: "ஒலித் திருகை இறுதிவரை திருப்பியதால் இது நேர்ந்திருக்குமா?"

அவர் இதற்கு விரிவாகவே விடை தந்தார். ஒற்றை வால்வால் ஒலிபெருக்கியை இயக்கும் இத்தகைய பெட்டியில், இ.எல்.84 சுமார் 48 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒலியைக் குறைத்தாலும் கூட்டினாலும், ஒலியே இன்றி வைத்தாலும், சராசரி அளவு பெரிதும் மாறுவதில்லை. ஒலி மிகுந்தால் குரல் கரகரக்குமேயன்றிப் பெட்டி எரிவதில்லை. "சும்மா முணுமுணுன்னு வச்சிருந்தாலும் அன்னைக்கோ மறுநாளோ எரிஞ்சுதான் இருக்கும் சார். திருகுமேல பழி போடக்கூடாது" என்றார்.

அவர்க்கு எம் வினாவின் காரணம் தெரியாது. யாமும் சொல்லவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் அச்சிறு கண்டன்சரைக் கையில் பொத்திப் பிடித்தவாறே வந்தோம்.

மீண்ட குரல்

எஞ்சிய பணி பொறுமையைச் சார்ந்தது. கசிந்த காகிதக் கண்டன்சர்களையெல்லாம் நீக்கிப் புதியன வைத்தோம். புதியவற்றைப் பழையவற்றின் உறைக்குள்ளேயே பொருத்தினோம். தோற்றம் மாறலாகாது என்பது எம் விருப்பம். டிரான்ஸ்பார்மர் வேறொரு பழைய பெட்டியிலிருந்து கிடைத்தது. நான்காம் வால்வு தன் ஆற்றலை இழந்திருந்தது. பெரியவர் தம் மரப்பேழையிலிருந்து, பெங்களூரின் பாரத் மின்னணு நிறுவனம் செய்த பயன்படுத்தாத வால்வு ஒன்றை எடுத்தளித்தார். அந்நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது என்பதையும், ஒரு காலத்தில் நாட்டின் வானொலிப் பெட்டிகள் பலவற்றில் அவையே ஒளிர்ந்தன என்பதையும் அவர் பெருமிதத்தோடு குறிப்பிட்டார். டயல் நூல் அறுந்திருந்தது. புது நூலை உருளைகளில் சுற்றி முள்ளோடு பிணைப்பதற்குள் எமக்கு ஒரு பிற்பகல் முழுதும் கழிந்தது.

2019 மார்ச் மாதத்தில் ஒரு மாலை. பெட்டியைக் கூடத்தில் வைத்து, செம்புக் கம்பி வலையாலான பழைய ஏரியலைச் சுவரோரம் கட்டினோம். பெரியவரும் வந்திருந்தார். முதலில் ஒரு மின்விளக்கைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தார். பெட்டியில் குறுக்கிணைப்பு இருப்பின் விளக்கு முழுதாக எரிந்து எச்சரிக்கும். எம் விளக்கு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிற்று. பிறகே நேர் இணைப்பு. வால்வுகளில் செம்மை படர்ந்தது. அரை நிமிடம்வரை ஒன்றும் இல்லை. பின்பு மெல்லிய முரலொலி. முள்ளை நகர்த்த நகர்த்த இரைச்சல். திடீரெனத் தெளிந்த தமிழ்க்குரல். 1939 மே 16இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் எம் பாட்டனாரின் பெட்டியில் மீண்டும் பேசிற்று.

ஆனால் அப்பெட்டி அறிந்திருந்த குரல்கள் பலவும் இன்று இல்லை. சிற்றலைப் பகுதியில் முள்ளை நகர்த்தினால் பெரும்பாலும் இரைச்சலே எஞ்சியது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30உடன் நின்றுபோயிற்று. பெட்டியைச் சீர்செய்யலாம், அது கேட்ட காலத்தைச் சீர்செய்ய இயலாது.

அத்தா கூடத்தின் மறுகோடியில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். யாம் அருகே சென்று, அக்கண்டன்சரை அவர் உள்ளங்கையில் வைத்து, பெரியவர் எமக்குச் சொன்னவாறே அனைத்தையும் விளக்கினோம். கசிவு, கடிவாளம் இழந்த வால்வு, 48 மில்லி ஆம்பியர் எல்லாம் சொன்னோம். அவர் அதனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப அது என்னால கெடலையா?"

"இல்லத்தா. நீங்க தொடாம இருந்தாலும் அது எரிஞ்சிருக்கும்."

வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "உங்க நன்னாவுக்கு இது தெரியாமப் போச்சே தம்பி" என்றார். சற்றுக் கழித்து, "அன்னைக்கு ரெண்டு அடி அடிச்சிருந்தா அதோட போயிருக்கும். ஒண்ணுமே சொல்லல" என்றார்.

பிறகு எழுந்து பெட்டியருகே சென்றார். கையை வைத்தார், எடுத்தார், மீண்டும் வைத்தார். ஒலித் திருகை மெல்லத் திருப்பினார். குரல் உயர்ந்தது, கூடம் நிறைந்தது, தெருவில் சென்ற இருவர் நின்று பார்த்தனர். திருகை இறுதிவரை கொண்டுசென்று, அங்கேயே கைவைத்தவாறு நின்றார். அச்சமயம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்கிற்று. எம்மை அழைக்கவில்லை, அவரே ஒலியைக் குறைத்தார்.

யாம் கற்றது

ஒரு பிழையைக் கண்டவுடன் அருகில் நின்றவன்மேல் அதனைச் சுமத்துவது எளிது. அன்று திண்ணையிலிருந்தோர் தீயோர் அல்லர்; எம் பாட்டனாரும் அன்பற்றவர் அல்லர். புகை எழுந்த நேரத்தில் திருகின்மேல் ஒரு சிறுவரின் கை இருந்தது. கண்டதை அவர்கள் நம்பினர். சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் சிறுவர் அழுதிருப்பார், மறுத்திருப்பார், ஒருகால் மன்னிப்பும் பெற்றிருப்பார். சொல்லாத பழிக்கு மறுமொழி ஏது? அதனை 47 ஆண்டுகள் சுமந்தார்.

ஆசிரியராகிய எமக்கும் இதில் பங்குண்டு. சில ஆண்டுகட்கு முன், வருகைப் பதிவின்போது அழைத்தால் விடை கூறாத மாணவர் ஒருவரை மதிப்பற்றவர் என்றே யாம் கருதியிருந்தோம். கடிந்ததில்லை, எனினும் பருவம் முழுதும் அவரை நோக்கி ஒரு வினாவும் எழுப்பியதில்லை. அவர்க்கு ஒரு செவி கேளாது என்பதை அவர் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தோம். எரிந்ததைப் பார்த்தோம், எரித்தது எது எனப் பார்த்தோமல்லோம். இப்போதெல்லாம் பதிவேட்டைத் திறக்கும்போது கும்பகோணத்துப் பெரியவரின் சொல் எம் செவியில் ஒலிக்கின்றது.

மாணவச் செல்வங்களே, பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைத் துடைத்து அடுக்கி வைப்பதன்று. அதில் நேர்ந்த பிழை யாருடையது, எதனுடையது என அறியும்வரை ஓயாதிருத்தலே அதன் பயன். ஏட்டிற்கும் அது பொருந்தும், பெட்டிக்கும் பொருந்தும், மனிதர்க்கும் பொருந்தும்.

2022ஆம் ஆண்டில் அத்தா இறையடி சேர்ந்தார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் நாள்தோறும் மாலையில் அப்பெட்டியை இயக்கியவர் அவரே. வேறெவரும் தொட அவர் விட்டதில்லை. அவருடைய பொருள்களை ஒழுங்குசெய்தபோது, மூக்குக்கண்ணாடி உறையினுள், தாளில் மடித்த சிறு பொதி ஒன்று இருந்தது. பிரித்தோம். மெழுகு உதிர்ந்த அந்தக் கண்டன்சர்.

அதனை இருந்தவாறே மடித்து, அவ்வுறையிலேயே வைத்திருக்கின்றோம்.